முதலில் லெட்டர், அப்புறம் காசு

கையில் கொமர்ஷல் பைலட் லைசன்ஸ் இருக்கிறது. லொக்புக்கில் 200 மணிநேரம் ஏறிவிட்டது. வேலை மட்டும் இல்லை. சரியாக இந்த நேரம் பார்த்து யாராவது ஒருவர் வந்து சொல்வார்: “ஏ320 டைப் ரேட்டிங் ஒன்றை எடுத்துப் போடு தம்பி, வேலை தானாக வரும். இருபத்தையாயிரம் டொலர்தான்.”

என் பதில்: கட்டாதீர்கள். உங்கள் பெயர் போட்ட வேலைக் கடிதம் கைக்கு வரும்வரை ஒரு டொலர்கூடக் கட்டாதீர்கள். கடிதம் வந்த பிறகு எப்போது கட்டலாம் என்பது கீழே வரும். ஆனால் விதியை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்.

கொழும்பில் காணியும் வீடும் உறுதியோடு இருக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தக் கேள்வி அவ்வளவு பெரிதல்ல. தவறினால் அப்பா தாங்கிக்கொள்வார். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, பலாங்கொடை, இறக்குவானைப் பக்கம் தோட்ட லயத்திலிருந்து படித்து, எப்படியோ இரத்மலானைப் பறப்புப் பாடசாலைவரை வந்து சேர்ந்த பிள்ளைக்கு இது வாழ்வா சாவா கணக்கு. இந்தக் கட்டுரை அவருக்கும், காசு தேடிக் கொடுக்கும் அவர் வீட்டாருக்கும்.

1. எதை வாங்குகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

கொமர்ஷல் லைசன்ஸ் இருந்தால் சின்ன விமானத்தைச் சம்பளத்துக்கு ஓட்டலாம். பயணிகள் ஜெட்டில் துணை விமானியின் வலப்பக்கச் சீட்டில் உட்கார, அந்த ரக விமானத்துக்கென்று தனியாகப் பயிற்சி எடுத்து, அதை லைசன்ஸில் பதிந்திருக்க வேண்டும். இதைத்தான் டைப் ரேட்டிங் என்கிறார்கள். முதலில் கம்ப்யூட்டரிலும் வகுப்பிலும் சிஸ்டம் படிப்பு. பிறகு ஃபுல் ஃப்ளைட் சிமுலேட்டரில் ஏறக்குறைய நான்கு மணிநேரம் நீளும் அமர்வுகள், இரண்டு பேர் ஜோடியாக. கடைசியில் ஸ்கில் டெஸ்ட். அதுவும் முடிந்தால் நிஜ விமானத்தில் சில தடவை ஏறி இறங்கும் பேஸ் ட்ரெய்னிங். எல்லாம் சேர்த்து ஓரிரு மாத வேலை.

ஏ318 முதல் ஏ321 வரை ஒரே ரேட்டிங் போதும். அங்கிருந்து ஏ330க்குப் போக முழுக் கோர்ஸ் தேவையில்லை, குறுகிய கோர்ஸ் ஒன்று இருக்கிறது. ஆனால் போயிங் 737க்குப் போனால் மறுபடி முதலிலிருந்து, மறுபடி காசு.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ரேட்டிங் எடுத்தவுடன் நீங்கள் எயர்லைன் பைலட் ஆகிவிடுவதில்லை. அதற்கு மேல் லைன் ட்ரெய்னிங் இருக்கிறது. பயணிகளை ஏற்றிக்கொண்டு, பயிற்சிக் கெப்டன் பக்கத்தில் இருக்க, நிஜ ரூட்டில் பறந்து பழக வேண்டும். அதைத் தர ஒரு எயர்லைனால் மட்டுமே முடியும். உங்களுக்கு சிமுலேட்டரை விற்கும் பயிற்சி நிலையத்தால் முடியாது.

2. டொலரில் கேட்கும் விலையைப் பேரில், அதாவது தோட்டத்து நாட்கூலியில், மாற்றிப் பாருங்கள்.

டைப் ரேட்டிங் விலை இடத்துக்கு இடம் மாறும். ஐரோப்பாவில் 20,000 முதல் 30,000 யூரோ வரை கேட்பது சாதாரணம். நாம் 25,000 டொலர் என்று வைத்துக்கொள்வோம். டொலர் 300 ரூபா என்று போட்டால் 75 இலட்சம்.

தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளம் 2024 செப்டம்பரில் 1,350 ரூபாவுக்கு வந்தது. 2025 நவம்பரில் வாசித்த வரவு செலவுத் திட்டம், வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து அதை 1,750 ஆக்க முன்மொழிந்தது. கூடின கணக்கையே எடுங்கள். 75 இலட்சத்தை 1,750ஆல் வகுத்தால் 4,286 பேர். மாதம் 25 பேர் தவறாமல் விழுந்தாலும் பதினான்கு வருடத்துக்கு மேல் போகும். அந்தப் பதினான்கு வருடமும் வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது, மழைக்குப் பால்வெட்டு நிற்கக் கூடாது.

இது டைப் ரேட்டிங்குக்கு மட்டும். அதற்கு முன்னால் 200 மணிநேரப் பறப்புக்கு ஏற்கெனவே கட்டியிருப்பீர்கள். மணிக்கு 40,000 ரூபா என்று போட்டாலே அது 80 இலட்சம். அந்தக் கடனே தீராத நிலையில் இரண்டாவது கடன்.

கடனை எதை வைத்து எடுப்பது? லயத்துக்கு உறுதிப் பத்திரம் இல்லை, வங்கி அதை ஈடாக ஏற்காது. மிஞ்சுவது நகை அடகு, சீட்டு, பிணைக்கு நிற்கச் சம்மதிக்கும் ஒரு ஆசிரியர், அப்புறம் அம்மாவின் இ.பி.எப். பெண்களுக்கு 50 வயதில் வேலையை விட்டால் கைக்கு வரும் காசு அது. முப்பது வருடம் கொழுந்துக் கூடை சுமந்த முதுகுக்கு வைத்தியம் பார்க்க இருக்கும் ஒரே காசும் அதுதான். பிள்ளையின் லைசன்ஸுக்காக அதைக் கேட்பது நியாயம் என்று வாதிடலாம். யார் வேலை தருவார் என்று தெரியாத ஒரு ரேட்டிங்குக்காகக் கேட்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

3. சைபர் மணிநேர ரேட்டிங்கை யார் கேட்கிறார்கள்?

வளைகுடா எயர்லைன்களின் வேலை விளம்பரத்தைத் திறந்து நிதானமாகப் படியுங்கள். “ஏ320 டைப் ரேட்டிங்” என்பதோடு வாசகம் நிற்காது. அந்த ரகத்தில் இத்தனை மணிநேரம் என்று அடுத்த வரி வரும். 500 கேட்பார்கள், 1,000 கேட்பார்கள். கடைசியாக எப்போது பறந்தீர்கள் என்றும் கேட்பார்கள். சொந்தக் காசில் சிமுலேட்டரில் எடுத்த ரேட்டிங்கில் அந்த எண் சைபர். விளம்பரத்தின் முதல் பாதியைக் காட்டித்தான் கோர்ஸ் விற்கிறார்கள். இரண்டாம் பாதியைப் படிப்பது உங்கள் பொறுப்பு.

ரேட்டிங் பழசாகும் வேகத்தையும் பாருங்கள். 90 நாளுக்குள் மூன்று டேக்-ஆஃப், மூன்று லேண்டிங் இல்லாவிட்டால் பயணிகளோடு பறக்க முடியாது என்பது உலகம் முழுக்க உள்ள விதி. பெரும்பாலான நாடுகளில் வருடத்துக்கு ஒரு செக் தாண்டாவிட்டால் ரேட்டிங்கே காலாவதி. வேலை இல்லாதவர் அந்த செக்கை எங்கே செய்வார்? மறுபடி சிமுலேட்டர் வாடகை, பரிசோதகர் கட்டணம், வெளிநாடு என்றால் விசா, டிக்கெட், தங்குமிடம். வேலை தேடும் ஒவ்வொரு வருடமும் இந்தப் பில் வரும். 2020 மார்ச்சில் கட்டுநாயக்க பயணிகளுக்கு மூடியது. சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்க 2021 ஜனவரி ஆனது. அதற்குச் சற்று முன் காசு கட்டி ரேட்டிங் எடுத்தவர் நிலையை யோசியுங்கள். வேலையில் இருந்தவருக்குக் கம்பனி செக் செய்து கொடுத்தது. வெளியே நின்றவரின் ரேட்டிங் அலமாரியில் கிடந்தே காலாவதியானது.

“ஆனால் பைலட் தட்டுப்பாடு என்கிறார்களே?” என்பது அடுத்த கேள்வி. உண்மைதான். 2022 நெருக்கடிக்குப் பிறகு இலங்கை விமானிகள் பலர் வெளிநாட்டுக்குக் கிளம்பினார்கள், ஸ்ரீலங்கன் எயர்லைன்ஸில் ஆள் குறைந்ததைப் பற்றி நாடே பேசியது. போனவர்கள் யார்? ஆயிரக்கணக்கான மணிநேரம் வைத்திருந்த கெப்டன்களும் சீனியர் ஃபர்ஸ்ட் ஆபிசர்களும். காலியானது அனுபவக்காரரின் சீட். 200 மணிநேரக்காரரைக் கொண்டு அதை நிரப்ப முடியாது. தட்டுப்பாட்டுச் செய்தியை வாசிக்கும்போதெல்லாம் எந்தச் சீட்டில் என்று கேட்டுப் பழகுங்கள்.

சைபர் மணிநேரப் பிரச்சினைக்கு மருந்து என்று இன்னொரு சரக்கும் விற்பனைக்கு வரும். கூடுதலாக இத்தனை ஆயிரம் டொலர் கட்டினால், எங்கோ ஒரு எயர்லைனில் 300 மணிநேரமோ 500 மணிநேரமோ வலப்பக்கச் சீட்டில் உட்காரலாம். சம்பளம் கிடையாது, காசு நீங்கள்தான் தர வேண்டும். பே-டு-ஃப்ளை என்று பெயர். ஐரோப்பிய விமானிகள் சங்கங்களின் கூட்டமைப்பு பல வருடங்களாக இதை எதிர்த்துப் பேசி வருகிறது. உங்கள் மணிநேரம் முடிந்ததும் அடுத்த வாடிக்கையாளர் அந்தச் சீட்டுக்கு வருவார். காசு கொடுக்கும் ஆள் வரிசையில் நிற்கும்போது உங்களைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள அந்தக் கம்பனிக்கு என்ன பைத்தியமா?

இரத்தினபுரிக்காரருக்கு இதைக் கல்லுக்குழியை வைத்துச் சொன்னால் சட்டென்று விளங்கும். காணிக்காரருக்கு ஒரு பங்கு, பம்புக்கு டீசல் போடுகிறவருக்கு ஒரு பங்கு, குழிக்குள் இறங்குகிறவருக்கு ஒரு பங்கு. செலவு போட்டவர் கல் வந்தால் பங்கு கேட்பார். சொந்தக் காசு டைப் ரேட்டிங்கில் டீசலும் நீங்கள், இறங்குவதும் நீங்கள், கல் வந்தால் எடுப்பது கம்பனி. இப்படி ஒரு குழிக்குக் காவத்தையில் யாரும் இறங்கமாட்டார்கள்.

4. எப்போது கட்டலாம்?

மூன்று நிபந்தனையும் ஒன்றாகச் சேர்ந்தால் மட்டும். எயர்லைன் இன்டர்வியூவில் நீங்கள் தேறியிருக்க வேண்டும். ரேட்டிங் முடித்தால் இந்தத் திகதிக்குள் லைன் ட்ரெய்னிங் ஆரம்பம், இவ்வளவு சம்பளம் என்று கடிதத்தில் இருக்க வேண்டும். கம்பனி அதைத் தவறவிட்டால் காசு எப்படித் திரும்பும் என்பதும் அதே காகிதத்தில் இருக்க வேண்டும்.

இதற்கு உலகத்தில் உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் 737 மட்டுமே ஓட்டும் எயர்லைன். பல வருடம் 737 ரேட்டிங்கோடு வா என்று கேட்டது. ஆனால் இன்டர்வியூவில் தேறியவர், வகுப்புத் தொடங்கும் முன் ரேட்டிங்கை எடுத்துவந்தால் போதும் என்ற நிலையும் அங்கே இருந்தது. பிற்காலத்தில் அந்த நிபந்தனையையே கைவிட்டது. ரயன்எயர் புதியவர்களிடம் ரேட்டிங் செலவை வருடக்கணக்காக வாங்கியது. பலருக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் அங்கே கோர்ஸுக்குப் பின்னால் ஒரு சீட் இருந்தது. மறுபுறம் பிரிட்டிஷ் எயர்வேஸ் 2023இல் ஸ்பீட்பேர்ட் என்ற திட்டத்தைத் தொடங்கி, தேர்வானவரின் முழுப் பயிற்சிச் செலவையும் தானே ஏற்றது. நமக்கு அங்கே வேலை செய்யும் உரிமை இல்லை. இருந்தாலும் கவனியுங்கள்: ஆள் தேவை என்றால் எயர்லைனுக்குக் காசு எடுக்கத் தெரியும்.

எந்த ரகம் என்பதும் முக்கியம். இலங்கையில் பயணிகள் ஜெட் ஓட்டும் வேலைக்கு இன்று பெரிய கதவு ஒன்று, சின்னக் கதவு ஒன்று. ஸ்ரீலங்கனில் ஏ320 குடும்பமும் ஏ330உம். 2022 ஒக்டோபரில் டுபாய்க்குப் பறக்கத் தொடங்கிய ஃபிட்ஸ்எயரிலும் ஏ320. ஆக, மலிவாகக் கிடைக்கிறது என்று 737 ரேட்டிங் எடுப்பவர் நாட்டுக்குள் இருக்கும் இரண்டு கதவையும் தானே மூடிக்கொள்கிறார்.

இந்தியாவைப் பாருங்கள். ஜெட் எயர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றபோது அதன் விமானங்களில் பெரும்பகுதி 737. நாட்டின் பெரிய எயர்லைனான இண்டிகோ ஓட்டியதோ ஏ320உம் ஏடிஆரும். கோ ஃபர்ஸ்ட் 2023 மேயில் நின்றபோது அங்கே எல்லாமே ஏ320. இண்டிகோவிலும் எயர் இந்தியாவிலும் அதே குடும்ப விமானம் காத்திருந்தது. இரண்டு கம்பனியும் மூடின. ரேட்டிங்கின் சந்தை மதிப்பு மட்டும் ஒரே மாதிரி இருக்கவில்லை. நம் நாட்டிலும் மிஹின் லங்கா 2007இல் பறக்கத் தொடங்கி 2016இல் மூடியது. எயர்லைன் நிரந்தரம் என்று நினைத்து எதிலும் கையெழுத்திடாதீர்கள்.

கட்டுவதற்கு முன்னால் இன்னொரு வேலை. பயிற்சி நிலையத்தின் பெயரையும் கோர்ஸ் விவரத்தையும் எழுதிக்கொண்டு, இலங்கை சிவில் விமான சேவை அதிகாரசபையிடம் எழுத்தில் கேளுங்கள்: இங்கே எடுத்த ரேட்டிங்கை என் லைசன்ஸில் பதிவீர்களா? பதில் எழுத்தில் வரட்டும். விற்பனைப் பிரிவுப் பெண் வாட்ஸ்அப்பில் அனுப்பும் “யெஸ் சேர், நோ ப்ராப்ளம்” பதில் ஆகாது.

5. கம்பனி காசு கட்டிப் பொண்ட் எழுதச் சொன்னால்?

எடுத்துக்கொள்ளுங்கள். கம்பனி பயிற்சிச் செலவைப் போடும், நீங்கள் இத்தனை வருடம் அங்கேயே வேலை செய்வதாக எழுதிக்கொடுப்பீர்கள், இடையில் போனால் காசைத் திருப்ப வேண்டும். பொண்ட் என்றதும் பயந்து ஓடுகிறவர்கள் உண்டு. முதலாளி பிடித்து வைத்துக்கொள்வான் என்ற பயம் நம் ஆட்களுக்குப் பழைய பயம், காரணத்தோடு வந்த பயம். ஆனால் உங்களிடம் காசு இல்லை, அவர்களிடம் சீட் இருக்கிறது. கம்பனி தன் காசைப் போட்டால் உங்களைப் பறக்கவைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நட்டம் அதற்கு. தோட்டத்துப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பேரம் கிடைக்காது. கையெழுத்திடும் முன் மட்டும் சிலதைப் பாருங்கள்.

முதலாவது, பொண்ட் தொகை எந்த நாணயத்தில்? இதை யாரும் கேட்பதில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா. மே மாதம் 360. ரூபாவில் சம்பளம் வாங்கி, 20,000 டொலருக்குப் பொண்ட் எழுதியவரின் கடன், அவர் ஒன்றும் செய்யாமலே இரண்டரை மாதத்தில் 40 இலட்சத்திலிருந்து 72 இலட்சமானது. சம்பளம் ரூபா என்றால் பொண்டும் ரூபா என்று கேளுங்கள். சம்மதிக்காவிட்டால் கையெழுத்திடும் நாளின் மாற்று விகிதத்தைக் காகிதத்தில் போடச் சொல்லுங்கள்.

இரண்டாவது, தொகை மாதாமாதம் குறைகிறதா? ஐந்து வருடப் பொண்டில் நாலே முக்கால் வருடம் வேலை செய்து போகிறவரும், மூன்றாம் மாதம் ஓடுகிறவரும் ஒரே தொகை கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தால் அது நியாயமான பொண்ட் அல்ல.

மூன்றாவது, நீங்கள் போகாமல் அவர்கள் உங்களை அனுப்பினால்? ஆட்குறைப்பு, கம்பனி மூடுவது, மெடிக்கலில் தகுதி இழப்பது, இந்த மூன்றிலும் பொண்ட் ரத்து என்று தெளிவாக இருக்க வேண்டும். சிமுலேட்டர் செக்கில் தோற்றால் எத்தனை வாய்ப்பு, அந்தச் செலவு யார் தலையில் என்பதையும் பாருங்கள்.

நான்காவது, பிணையாளர். இரண்டு பேரின் கையெழுத்து கேட்பார்கள், பெரும்பாலும் நிரந்தர வருமானம் உள்ளவர். தோட்டத்தில் அப்படி யார்? பாடசாலை ஆசிரியர், கணக்கப்பிள்ளை, டவுனில் கடை வைத்த மாமா. இவர்களிடம் “சும்மா ஒரு கையெழுத்து” என்று சொல்லாதீர்கள். முழுத் தொகையையும் சொல்லி, ஒப்பந்தத்தின் பிரதியையும் கொடுத்துக் கேளுங்கள். நாளைக்குக் கம்பனி ஆள் அவர் வீட்டு வாசலில் நிற்கக்கூடும்.

பயிற்சிக் காலத்தில் சம்பளம் உண்டா, எவ்வளவு என்பதையும் கேட்டுவிடுங்கள். கட்டுநாயக்கவில் அறை வாடகையும் சாப்பாடும் ஆறு மாதத்துக்கு யார் தருவார்? பிறகு ஒரு சட்டத்தரணிக்குச் சில ஆயிரம் ரூபா கொடுத்து ஒப்பந்தத்தை வாசிக்கச் சொல்லுங்கள். இலட்சக்கணக்கில் செலவழித்த குடும்பங்கள் இந்தச் சில ஆயிரத்தில் மிச்சம் பிடிப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

6. ஏஜென்ட் வாசனை தெரிந்தால் எழும்பி வாருங்கள்.

வெளிநாட்டு வேலை ஏஜென்சிகளைத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். விமானத்துறையில் வரும் ஆள் டை கட்டியிருப்பார், அவ்வளவுதான். “நூறு வீதம் பிளேஸ்மென்ட்”, “இந்த வெள்ளிக்குள் கட்டினால் டிஸ்கவுண்ட்”, “எயர்லைன் பெயரை இப்போது சொல்ல முடியாது, கொன்ஃபிடென்ஷல்” என்ற மூன்றில் ஒன்று காதில் விழுந்தாலும் போதும். உண்மையான எயர்லைன் தன் பெயரை மறைக்காது. காசு தனியாள் கணக்குக்குப் போக வேண்டும் என்றால் அதற்கு மேல் பேச்சே வேண்டாம். முழுத் தொகையையும் முதலில் கேட்டால், கட்டம் கட்டமாகத்தான் கட்டுவேன் என்று சொல்லிப் பாருங்கள்: வகுப்புக்கு இவ்வளவு, சிமுலேட்டருக்கு இவ்வளவு. ஆள் முகம் மாறுவதைக் கவனியுங்கள்.

7. டைப் ரேட்டிங்குக்கு வைத்த காசில் ஒரு சிறு பகுதியை இப்படிச் செலவழியுங்கள்.

மெடிக்கல். விமானப் படிப்புக்கு முதல் ரூபா கட்டும் முன்பே கிளாஸ் 1 மெடிக்கலை எடுங்கள். நிறக்குருடு போன்ற ஒன்று பிறகு தெரியவந்தால் போன காசு போனதுதான். லைசன்ஸ் வாங்கிய பிறகும் அது காலாவதியாகாமல் பாருங்கள். திடீர் அழைப்பு வரும்போது மெடிக்கல் இல்லாதவர் பெயர் பட்டியலிலிருந்து முதலில் போகும்.

ஆங்கிலம். சர்வதேசப் பறப்புக்குக் குறைந்தது லெவல் 4 வேண்டும். லெவல் 4 எடுத்தவர் மூன்று வருடத்துக்கு ஒருமுறை, லெவல் 5 எடுத்தவர் ஆறு வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும். லெவல் 6க்கு மறுபரிசோதனை இல்லை. நாலோடு திருப்திப்படாதீர்கள். தமிழ் மொழியில் கணிதப் பிரிவு நடத்தும் பாடசாலையே சப்ரகமுவவில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அங்கிருந்து வந்தவர் இன்டர்வியூ மேசையில் கொழும்பு சர்வதேசப் பாடசாலைப் பிள்ளையோடு போட்டியிடுகிறார். உச்சரிப்பை நடிக்க வேண்டாம். நிறுத்தி, தெளிவாக, முழு வாக்கியமாகப் பேசப் பழகுங்கள். ரேடியோவில் கேட்பதும் அதைத்தான்.

சிங்களம். உங்களிடம் இது ஏற்கெனவே இருக்கிறது. நுவரெலியாப் பக்கத்துப் பிள்ளையைவிட இரத்தினபுரி, கேகாலைப் பிள்ளைக்குச் சிங்களம் சரளம். சுற்றிலும் சிங்களக் கிராமம், பலருக்குப் பாடசாலையே சிங்களம். சிவியில் மும்மொழி என்று மேலேயே போடுங்கள். கம்பனிக்குள் உங்களைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லப் போகிறவர்களில் பாதிப் பேர் அந்த மொழியில்தான் சொல்லுவார்கள்.

சிமுலேட்டர் தயாரிப்பு. முழு டைப் ரேட்டிங் வேண்டாம். எயர்லைன் ஸ்க்ரீனிங்குக்கு முன்னால் இரண்டு மணிநேரமோ நாலு மணிநேரமோ சிமுலேட்டர் வாடகைக்கு எடுத்து, இன்ஸ்ட்ருமென்ட் ஸ்கேனும் இரண்டு பேராக வேலை செய்வதும் பழகினால் போதும். மல்டி-க்ரூ கோர்ஸ் ஒன்று செய்யலாம், அது எந்த ரகத்துக்கும் உதவும்.

இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங். என் கையில் ஒரே ஒரு செலவுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் இதில் போடுவேன். டைப் ரேட்டிங் உங்களை வீட்டில் உட்காரவைத்துச் செக்குக்குப் பில் அனுப்பும். இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங் இரத்மலானையில் அடுத்தவன் காசில் உங்கள் லொக்புக்கை நிரப்பும், கையில் கொஞ்சம் சம்பளமும் தரும். சம்பளம் குறைவு, வெயில் அதிகம், பெருமை கம்மி. முகநூலில் போடும் படத்துக்கு லைக்கும் குறையும். ஆனால் இரண்டு வருடத்தில் 800 மணிநேரத்தோடு இன்டர்வியூவுக்குப் போகிறவரும், 200 மணிநேரமும் காலாவதியான ஏ320 ரேட்டிங்கும் வைத்துக்கொண்டு போகிறவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால், நான் எடுப்பது முதலாமவரை.

8. சீட் கிடைக்கும்வரை சம்பளம் வர வேண்டும்.

விமானத்துறைக்குள் இருந்துகொண்டே காத்திருப்பது, வெளியே நின்று காத்திருப்பதைவிட நல்லது. எயார்போர்ட் அன்ட் ஏவியேஷன் சேர்விஸஸ் கம்பனி எயர் ட்ராஃபிக் கன்ட்ரோலர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது, தேர்வானவருக்குப் பயிற்சியைத் தானே தருகிறது. இரத்மலானையில் அதற்கென்று பயிற்சி நிலையமே வைத்திருக்கிறது. கட்டுநாயக்கவில் ஸ்ரீலங்கன் ஏவியேஷன் கொலேஜில் விமானப் பராமரிப்பு, க்ரவுண்ட் ஓப்பரேஷன் போன்ற கோர்ஸ்கள் இருக்கின்றன. இன்னும் பறப்புப் படிப்புத் தொடங்காத பிள்ளைகள் இதை நேரடிப் பாதையாகவே யோசிக்கலாம். அதே துறை, பத்தில் ஒரு பங்குக் கடன். பைலட் ஆகாவிட்டால் தோல்வி என்று நினைக்கும் வீட்டாருக்கு, ரேடாருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் சொன்னால்தான் கெப்டனே இறங்குவார் என்று சொல்லிவையுங்கள்.

9. இன்டர்வியூவில் இந்தக் கேள்வி வரும்.

“டைப் ரேட்டிங்கை உங்கள் செலவில் எடுக்கத் தயாரா?” என்று கேட்பார்கள். சும்மா ஆழம் பார்க்கவும் கேட்பார்கள், உண்மையாகவும் கேட்பார்கள். பெரும்பாலானோர் அவசரத்தில் “யெஸ் சேர்” என்று விடுகிறார்கள். அந்த ஒரு சொல்லில் பேரம் முடிந்துவிடும். “முடியாது” என்று முறைப்பதும் வேண்டாம்.

இப்படிச் சொல்லுங்கள்: “கம்பனி பயிற்சி தந்தால் ஐந்து வருடப் பொண்டுக்கு நான் தயார். சொந்தச் செலவு என்றால், வேலைக் கடிதத்தையும் லைன் ட்ரெய்னிங் திகதியையும் பார்த்த பிறகு நிதி ஏற்பாடு செய்வேன். சம்பளத்திலிருந்து மாதாமாதம் கழித்துக்கொள்ளும் முறை இருந்தால் இன்றைக்கே சம்மதம்.” பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அடுத்து என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். சம்பளத்தில் கழிப்பதைப் பற்றிப் பேசினால் அங்கே சீட் இருக்கிறது. வங்கிக் கணக்கு இலக்கத்தைப் பற்றிப் பேசினால், நன்றி சொல்லிவிட்டு அவிசாவளை பஸ்ஸைப் பிடியுங்கள்.